ராக்கர் ஸ்கீயில் பைண்டிங்கை எங்கே பொருத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூர், வியாசர்பாடி, ராயபுரம் பக்கத்திலிருந்து வருஷம் தவறாமல் ஜனவரிக் கடைசியில் பனிச்சறுக்குக்காக காஷ்மீரின் குல்மார்க் போகிற ஆறேழு பேர் நாங்கள். பனியே விழாத ஊரில் பனிச்சறுக்குக்காரர்கள் என்றால் சிரிப்பார்கள், பழகிவிட்டது. கனடாவிலோ சுவிட்சர்லாந்திலோ இருக்கிற சொந்தக்காரர் விடுமுறைக்கு வரும்போது பவுடரில், அதாவது இறுகாத புதுப் பனியில், ஓட்டுகிற அகலமான ஸ்கீ (சறுக்குப் பலகை) ஒரு ஜோடியைத் தலையில் கட்டிவிட்டுப் போவார், பூட்டை ஸ்கீயோடு பிடித்து வைக்கிற பைண்டிங் தனியே ஒரு டப்பாவில் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு யாராவது எங்களிடம் வந்து "இதை எங்கே வச்சு ஸ்குரு அடிக்கிறது?" என்பார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைத்தது இது.

பைண்டிங் எங்கே இருந்தால் என்ன? பூட் மாட்டினால் போதாதா?

மாட்டும், ஓடவும் ஓடும். ஆனால் ஸ்கீ என்ற பலகையின் மேல் உங்கள் உடம்பு எங்கே நிற்கிறது என்பதை அந்த எட்டோ பத்தோ ஸ்குருதான் முடிவு செய்கிறது. காசிமேட்டில் பைபர் போட்டில் ஏறியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எல்லாரும் மோட்டார் பக்கம் போய் உட்கார்ந்தால் அணியம் (போட்டின் முன்முனை) தூக்கும். அலை மேல் சுலபமாக ஏறும், ஆனால் போட் சொன்ன பேச்சைக் கேட்காது. எல்லாரும் முன்னால் வந்தால் சட்டென்று திரும்பும், அடுத்த அலையில் அணியம் தண்ணீரை அள்ளும். ஸ்கீயிலும் இதே கதைதான். போட்டிலாவது எழுந்து இடம் மாறலாம், இங்கே துளை போட்டால் போட்டதுதான்.

ஸ்கீயில் ஒரு கோடு இருக்கிறது, பூட்டிலும் ஒரு கோடு இருக்கிறது. எதை எதோடு சேர்ப்பது?

பூட்டின் பக்கவாட்டில், அடிப்பாகத்துக்கு அருகில் சின்னதாக ஒரு கோடோ அம்புக்குறியோ இருக்கும். அதுதான் பூட் அடியின் சரிபாதி. ஸ்கீயின் மேலே அல்லது ஓரத்தில் கம்பெனி போட்ட கோடு இருக்கும். இரண்டையும் நேராக நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். பைண்டிங்கின் நடுவையோ குதிகாலையோ பெருவிரலையோ வைத்துப் பார்க்கக் கூடாது. பூட் கோடு தேய்ந்துபோயிருந்தால் குதிகால் பக்கம் மி.மீ. கணக்கில் ஒரு எண் பொறித்திருக்கும், 305 அல்லது 315 என்று. அதுதான் அடியின் நீளம். பாதியை அளந்து நீங்களே குறித்துக்கொள்ளலாம்.

சில ஸ்கீயில் ஒன்றுக்கு மூன்று கோடுகள் இருக்கும், பக்கத்தில் கூட்டல் கழித்தல் எண்களோடு. அவை நடுக்கோட்டிலிருந்து எத்தனை செ.மீ. முன்னே, பின்னே என்று சொல்கின்றன.

ராக்கர் என்றால் என்ன? அது ஏன் இந்தக் கணக்கைக் குழப்புகிறது?

சாதாரண ஸ்கீயைத் தரையில் வைத்தால் நடு லேசாக எழும்பி நிற்கும், இரு முனைப் பக்கமும் தரையைத் தொடும். இது கேம்பர். ராக்கர் அதற்கு நேர் எதிர்: டிப் (முன்முனை) பக்கம், பல ஸ்கீயில் டெயில் (பின்முனை) பக்கமும், வெகு தூரத்துக்கு முன்பிருந்தே மேல்நோக்கி வளையத் தொடங்கிவிடும். கட்டுமரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த அணியத்தின் வளைவு நினைவிருக்கும். அதேதான், அலைக்குப் பதில் பனி.

இதை முதலில் துணிந்து முழு ஸ்கீக்கும் செய்து பார்த்தவர் பனிச்சறுக்கு வீரர் ஷேன் மெக்காங்கி. ஆழமான பவுடர் பனி திடப்பொருளை விடத் தண்ணீர் மாதிரிதான் நடந்துகொள்கிறது என்று கண்டு, வாட்டர் ஸ்கீயின் வடிவத்திலிருந்து யோசனையை எடுத்தார். 2002-இல் வோலான்ட் கம்பெனி வெளியிட்ட ஸ்பாட்டுலா அப்படி வந்தது. அடி முழுக்கத் தலைகீழ் வளைவு, ஓரமும் நடுவில் அகலமாகி முனையில் ஒடுங்கும். பார்த்தவர்கள் சிரித்தார்கள். இன்றைக்கு ராக்கர் துளியும் இல்லாத பவுடர் ஸ்கீயைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், ராக்கர் இல்லாத பழைய ஸ்கீயில் டிப் மேலே வர ஒரே வழி, ஆளைப் பின்னால் நிறுத்துவதுதான். அதனால் நடுவிலிருந்து 10, 12 செ.மீ. பின்னால்கூட பைண்டிங் போட்டார்கள். ராக்கர் வந்த பிறகு டிப் தானாகவே மேலே நிற்கிறது, அவ்வளவு பின்னால் போகத் தேவையில்லை. ஆகவே இன்றைய ராக்கர் ஸ்கீயில் கோடு பெரும்பாலும் 5 முதல் 9 செ.மீ. பின்னால் இருக்கும். குதித்து, சுற்றி, பின்பக்கமாகவும் ஓட்டுகிறவர்களுக்காகச் செய்த ஸ்கீயில் இன்னும் முன்னால் இருக்கும். பழைய ஆட்கள் சொல்லும் அறிவுரை பழைய ஸ்கீக்கானது. அதை அப்படியே ராக்கர் ஸ்கீயில் போட்டால் வம்பு.

நடு எது? எப்படி அளப்பது?

இரண்டு நடு இருக்கிறது. அதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

முதல் நடு, மொத்த நீளத்தின் பாதி. இஞ்ச் டேப்பை டிப் நுனியிலிருந்து டெயில் நுனி வரை விறைப்பாக, நேராக இழுங்கள். ஸ்கீயின் வளைவோடு ஒட்டி இழுத்தால் நீளம் கூடிவிடும், அது தப்பு. ஸ்கீயின் மேல் அச்சடித்த எண்ணையும் நம்ப வேண்டாம், 184 என்று போட்டிருக்கும், டேப் வேறு சொல்லும்.

இரண்டாவது நடு, ஸ்கீ கெட்டித் தரையைத் தொடும் நீளத்தின் பாதி. தட்டையான மேசையில் வையுங்கள். கிரானைட் மேடை இருந்தால் நல்லது, கேரம் போர்டை வரிசையாகப் போட்டும் பார்த்தோம், சரிப்படவில்லை. ஒருவர் ஸ்கீயின் நடுவை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் ஒரு விசிட்டிங் கார்டை டிப்புக்கு அடியில் விட்டுப் பின்னோக்கித் தள்ள வேண்டும். எங்கே முட்டி நிற்கிறதோ அங்கே குறி. டெயில் பக்கமும் அப்படியே.

எங்கள் கூட்டத்தில் ஒரு ஸ்கீயின் அளவைத் தருகிறேன். மேலே எழுதியிருந்தது 184. டேப்பில் 182.5 செ.மீ. பாதி 91.25. டிப் பக்கம் கார்டு முட்டியது நுனியிலிருந்து 42 செ.மீ.யில். டெயில் பக்கம் 27 செ.மீ.யில். அதாவது டெயிலிலிருந்து அளந்தால் 27-க்கும் 140.5-க்கும் இடையில்தான் ஸ்கீ தரையைத் தொடுகிறது. அதன் பாதி 83.75. கம்பெனிக் கோடு எங்கே இருந்தது தெரியுமா? டெயிலிலிருந்து 84 செ.மீ. மொத்த நீளத்தின் நடுவிலிருந்து பார்த்தால் 7.25 செ.மீ. பின்னால். "இவ்வளவு பின்னாலா?" என்று தோன்றும். தரையைத் தொடும் நீளத்தை வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட நட்டநடு. டிப்பில் ராக்கர் நீளம், டெயிலில் குட்டை, அதனால் இரண்டு நடுவும் விலகிப் போகின்றன.

இன்னொன்றும் உண்டு. இந்த இரண்டாவது நடு கெட்டிப் பனிக்குத்தான் பொருந்தும். இடுப்பளவு பவுடரில் ஸ்கீ முழுவதும் பனிக்குள் இருக்கிறது, ராக்கர் பகுதியும் சேர்ந்தே உங்களைத் தாங்குகிறது. அங்கே மொத்த நீளத்தின் நடுவும், டிப் எவ்வளவு அகலம் என்பதும்தான் பேசும். ஸ்பாட்டுலா மாதிரி முழு ராக்கர் என்றால் கார்டு வைத்தியமே எடுபடாது, தரை தொடும் இடம் கையகலம்தான் இருக்கும்.

அப்படியானால் கம்பெனிக் கோட்டை நம்பலாமா?

நம்பலாம் என்பது என் கட்சி. அந்த ஸ்கீயைப் பல இடங்களில் பூட் வைத்து ஓட்டிப் பார்த்துத்தான் கோட்டைப் போடுகிறார்கள். கோட்டிலிருந்து நகர்த்த ஆசைப்படுகிறவரிடம் நான் ஒரே கேள்விதான் கேட்பேன்: இதே ஸ்கீயைக் கோட்டில் வைத்து ஒரு நாளாவது ஓட்டியிருக்கிறீர்களா? இல்லை என்றால் கோட்டிலேயே அடியுங்கள்.

கோடே இல்லாத, தேய்ந்துபோன பழைய ஸ்கீயும் வரும். அப்போதுதான் மேலே சொன்ன இரண்டு நடுவையும் அளந்து, தரை தொடும் நடுவில் வைத்துத் தொடங்குவேன்.

முன்னால் நகர்த்தினால் என்ன ஆகும், பின்னால் நகர்த்தினால் என்ன ஆகும்?

முன்னால்: ஸ்கீ சுலபமாகச் சுழலும், மரங்களுக்கு நடுவே சட்டுச்சட்டென்று திருப்பலாம், குதித்தால் காற்றில் சமமாக நிற்கும். விலை என்னவென்றால் பின்னால் டெயில் நீண்டுவிடும், ஆழமான பனியில் டிப் புதையப் பார்க்கும், கூழான பனியில் வேகமாகப் போகும்போது மூக்கு குத்தும்.

பின்னால்: டிப் மிதக்கும், நேராக வேகமாகப் போகும்போது தைரியம் வரும். ஆனால் முன்னால் இருக்கும் நீளம் முழுவதையும் நீங்கள்தான் சுழற்ற வேண்டும். கெட்டிப் பனியில் டிப் திருப்பத்தில் கடிக்காது, படபடவென்று ஆடும். டெயில் குட்டையாகிவிடுவதால் லேசாகப் பின்னால் சாய்ந்தாலும் உட்கார வைத்துவிடும்.

182 செ.மீ. நீளத்தில் 1 செ.மீ. என்ன தெரியப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. தெரியும். 1 செ.மீ. என்றால் "ஏதோ மாறியிருக்கு" என்று தோன்றும், 2 செ.மீ. என்றால் வேறு ஸ்கீ மாதிரி இருக்கும். அதற்கு மேல் நகர்த்தத் தோன்றினால் நீங்கள் வாங்கியது தப்பான ஸ்கீ.

"போன வருஷம் பவுடரில் மூக்கு புதைஞ்சுக்கிட்டே இருந்தது. 3 செ.மீ. பின்னால தள்ளிடட்டுமா?"

அதிகம் வரும் கேள்வி இதுதான். வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியவை வேறு. ஸ்கீ உங்கள் எடைக்குக் குட்டையா? பைண்டிங்கில் குதிகால் பகுதி விரல் பகுதியை விட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? உயரம் அதிகமானால் உடம்பு முன்னால் தள்ளப்படும், டிப் புதையும். பூட்டின் முன்சாய்வும் அப்படித்தான். அப்புறம், சொன்னால் கோபம் வரும், ஓட்டும் முறை. பயத்தில் ஒரு காலை மட்டும் அழுத்தினால் அந்த ஸ்கீ மூழ்கும். பவுடரில் இரண்டு காலுக்கும் எடையைச் சமமாகப் பகிர வேண்டும். எங்களில் ஒருவன் இந்தக் கேள்வியோடு வந்து, கடைசியில் குதிகால் உயரத்தைச் சரிசெய்ய விரல் பகுதிக்கு அடியில் மெல்லிய பிளேட் வைத்தோம், கோட்டைத் தொடவே இல்லை. இப்போது கேட்டால் "ஸ்கீ நல்ல ஸ்கீடா" என்கிறான்.

எல்லாம் சரியாக இருந்தும் புதைகிறது என்றால் 1 செ.மீ. பின்னால் போங்கள். அதோடு நிறுத்துங்கள்.

என் கால் ரொம்பச் சின்னது. கோட்டில்தான் வைக்க வேண்டுமா?

நல்ல கேள்வி. பாதத்தின் முன்பக்க மேடு, அதாவது பெருவிரலுக்குப் பின்னால் தடித்திருக்கும் இடம், அங்கிருந்துதான் ஸ்கீயை அழுத்துகிறோம். பூட் நீளமாக இருந்தால் அந்த மேடு பூட்டின் நடுவிலிருந்து வெகுவாக முன்னால் இருக்கும். பூட் குட்டை என்றால் நடுவுக்கு நெருங்கிவிடும். ஆக, இருவரும் ஒரே கோட்டில் நின்றாலும் சின்னக் கால்காரர் ஸ்கீயின் மேல் சற்றுப் பின்னால் நிற்பது மாதிரி ஆகிறது. பூட் அடி 270 மி.மீ. சுற்றி உள்ளவர்களுக்கு, பெண்கள் பலருக்கு இதுதான் அளவு, அரை செ.மீ. முதல் 1 செ.மீ. வரை முன்னால் வைப்பது நியாயமே.

குல்மார்க்குக்கு மட்டும்தான் போகிறேன். பவுடருக்கென்றே கொஞ்சம் பின்னால் வைக்கலாமா?

படத்தில் பார்க்கிற குல்மார்க் வேறு, ஒரு வாரம் தங்குகிற குல்மார்க் வேறு. கோண்டோலா என்ற ரோப் காரின் இரண்டாம் கட்டம் அபர்வாட் மலையில் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடுகிறது. பனி கொட்டிய மறுநாள் அங்கே கிடைப்பது மாவு மாதிரி இருக்கும், உண்மை. ஆனால் பனி கொட்டும் நாளில் மேல் கட்டத்தை மூடிவிடுவார்கள், திறந்த பிறகு இரண்டு நாளில் பாதை முழுக்கத் தடம், மூன்றாம் நாள் காற்று அடித்து மேல்தோல் அப்பளம் மாதிரி ஆகிவிடும். ஏழு நாளில் இரண்டு நாள் பவுடர் கிடைத்தால் புண்ணியம். மீதி ஐந்து நாளையும் நினைத்துக் கோட்டிலேயே வையுங்கள்.

மலையில் நடந்தே ஏறிப் போவதற்கான 'பின்' (pin, ஊசி) பைண்டிங்குக்கும் இதே கோடுதானா?

ஆமாம். 'பின்' பைண்டிங்கில் குதிகால் உயரம் அதிகமாக இருப்பது சகஜம், அதை மட்டும் கவனியுங்கள்.

தீர்மானிக்கவே முடியவில்லை. ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய வழி இல்லையா?

இருக்கிறது. வாடகைக் கடைகளில் தண்டவாளம் மாதிரி நகரும் டெமோ பைண்டிங் இருக்கும். முன்னும் பின்னும் தள்ளி ஓட்டிப் பார்க்கலாம். எடை அதிகம், நின்றால் கொஞ்சம் உயரமாகவும் இருக்கும். ஆனால் ஒரே ஸ்கீயை மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டும் எங்களை மாதிரிக் கூட்டத்துக்கு அதுதான் தெய்வம். இன்னொரு வழி, துளைக்குள் எஃகு இன்சர்ட் (உள்ளே மரை உள்ள குழல்) பதித்துவிடுவது. மரத்தில் ஸ்குரு நேரடியாக இறங்காது, இன்சர்ட்டில்தான் இறங்கும். எத்தனை தடவை வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம்.

நம்ம ஊர் லேத் பட்டறையில் துளை போடலாமா?

ஸ்கீக் கடையில் ஜிக் என்ற சட்டம் இருக்கும், அதை வைத்துத் துளை போடுவதுதான் முதல் தேர்வு. குல்மார்கில் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள், ஜிக் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். நாங்கள் வியாசர்பாடியில்தான் போடுகிறோம், காரணம் அந்தப் பட்டறை அண்ணன். முதல் தடவை ஸ்கீயைப் பார்த்துவிட்டு, "இன்னாபா இது, கட்டிலு சட்டமா?" என்றார். விளக்கிச் சொன்னதும் கேட்டது ஒன்றுதான்: "எவ்ளோ ஆழம்?"

அதுதான் சரியான கேள்வி. ஆழம் 9 மி.மீ. உலோகத் தகடு இல்லாத ஸ்கீக்கு 3.6 மி.மீ. பிட், உள்ளே டைட்டனல் தகடு இருந்தால் 4.1. பல ஸ்கீயில் கோட்டுக்கு அருகிலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். பிட்டைப் பாரிமுனை டூல்ஸ் கடைகளில் தேடிப் பிடித்தோம். ஆழம் தாண்டாமலிருக்க அண்ணன் பித்தளையில் ஒரு சின்ன வளையம் கடைந்து பிட்டில் மாட்டினார். வளையத்துக்கு வெளியே சரியாக 9 மி.மீ. மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. துளை போடும்போது முதலில் கறுப்பாகப் பிளாஸ்டிக் சுருள், அப்புறம் பைபர் தூள், கடைசியில் வெளுத்த மரத்தூள். மரத்தூள் வந்தால் நிம்மதி. வளையம் ஸ்கீயைத் தொட்டு 'டக்' என்றதும் கையை எடுத்துவிடுவார்.

மற்றபடி: மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் குறியுங்கள். பட்டறை வெக்கையில் வியர்வை சொட்டி பென்சில் கோடு அழியும், பால்பாயிண்ட் பேனா நல்லது. நீளவாக்கில் ஓடும் நடுக்கோட்டை இரண்டு ஓரத்திலிருந்தும் அளந்து போடுங்கள். சென்டர் பஞ்ச் (punch) கொண்டு குழி குத்தாமல் பிட்டை வைக்காதீர்கள், வழுக்கும். பைண்டிங் ஸ்குருவின் தலை சாதாரண ஸ்டார் மாதிரி தெரியும், ஆனால் அது போசிடிரைவ் 3. வேறு முனையைப் போட்டால் தலை மொழுக்கென்று ஆகிவிடும். ஸ்குருவைக் கையால் முடுக்குங்கள், மெஷின் வேண்டாம். தகடு இல்லாத ஸ்கீயில் துளைக்குள் தண்ணீர் தாங்கும் மரப்பசை இரண்டு சொட்டு விடுங்கள், நாங்கள் பெவிகால் மரைன் விடுகிறோம். தகடு இருந்தால் மெதுவாக இறுகும் எபாக்சி. காசிமேட்டில் போட்டுக்கு அடிக்கிற பாலியெஸ்டர் ரெசினைச் சும்மா கிடைக்கிறதே என்று ஊற்றாதீர்கள், அதிலிருக்கும் ஸ்டைரீன் சில பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

துளை இடங்களைக் காட்டும் பைண்டிங் காகித மாதிரியை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தால் போதுமா?

போதும், ஸ்கேலால் அளந்து பார்த்த பிறகு. நான் பார்க்கவில்லை. மின்ட் பக்கம் ஒரு கடையில் எடுத்தேன். தாளுக்குள் அடக்குகிறேன் என்று மெஷின் 97 சதவீதமாகச் சுருக்கியிருந்தது. 3 சதவீதம்தானே? 30 செ.மீ. பூட்டில் அது 9 மி.மீ. விரல் பகுதியின் நான்கு துளையும் போட்ட பிறகு ஸ்குரு கோணலாக நின்றபோதுதான் உறைத்தது. நான்கையும் அடைத்து, மொத்தத்தையும் 12 மி.மீ. முன்னால் நகர்த்திப் போட்டேன். அந்த ஸ்கீ இன்றும் கொஞ்சம் துள்ளலாகத்தான் ஓடுகிறது. மாதிரியில் அளவுக்கோடு ஒன்று இருக்கும், அதில் எஃகு ஸ்கேலை வைத்துப் பாருங்கள்.

ஏற்கெனவே துளை இருக்கிற பழைய ஸ்கீ. பக்கத்திலேயே புதுத் துளை போடலாமா?

பழைய துளைக்கும் புதியதற்கும் மையத்துக்கு மையம் குறைந்தது 1 செ.மீ. இருக்க வேண்டும். கிட்டே போட்டால் இரண்டும் சேர்ந்து பிய்ந்துவிடும், அதுவும் வேகத்தில். பழையதைப் பிளாஸ்டிக் ஆணியும் பசையும் வைத்து அடையுங்கள், தண்ணீர் இறங்கினால் மரம் உளுத்துப்போகும். மூன்று தடவைக்கு மேல் பைண்டிங் மாற்றித் துளை போட்ட ஸ்கீயை இனாமாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

பைண்டிங்கில் டின் (DIN) என்ற எண் எவ்வளவு வைக்க வேண்டும்?

என்னிடம் கேட்காதீர்கள். விழும்போது பூட் கழன்றுகொள்ளும் அளவு அது. எடை, உயரம், வயது, பூட் அடி நீளம், ஓட்டும் வேகம் எல்லாம் பார்த்துப் போடுவது. தப்பினால் முழங்கால் போகும். தெரிந்த டெக்னீஷியன் பார்த்து, குதிகால் பகுதி பூட்டை முன்னோக்கி அழுத்தும் முன்னழுத்தத்தையும் சரிபார்த்துத் தரட்டும். துளை வரைதான் நம் வேலை.

பிரேக் ஸ்கீயை விட ஒடுக்கமாக இருக்கிறதே?

அந்த பைண்டிங் அந்த ஸ்கீக்கு ஆகாது, அகலமான பிரேக் வாங்குங்கள். பூட் வைக்கும் இடத்தில் ஸ்கீ 112 மி.மீ. என்றால் பிரேக் 115 அல்லது 120. துளை போடுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். பயணத்தின்போது பிரேக்கை மடக்கிக் கட்ட சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம் போதும்.

பொருத்தியாகிவிட்டது. ஜனவரி வரை எங்கே வைப்பது?

மொட்டை மாடியிலும் வேண்டாம், கடல் காற்று நேரே வரும் பால்கனியிலும் வேண்டாம். ராயபுரத்தில் நண்பன் வீட்டில் நான்கே நாளில் ஓர எஃகு காவி நிறமாகிவிட்டது. அடியிலும் ஓரத்திலும் மெழுகைத் தாராளமாக உருக்கித் தடவி, சுரண்டாமல் அப்படியே விட்டு, பழைய வேட்டியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் சுரண்டினால் போதும். கீழே பேப்பர் விரித்துச் சுரண்டுங்கள். நான் விரிக்காமல் ஹாலில் சுரண்டியதில், அடுத்த நாள் காலை காபி டம்ளரோடு வந்த அம்மா மொசைக் தரையில் ஒரு முழ தூரம் சறுக்கினார்.